குடைப் பாவாடை கேட்கும் மச்சாள்
டைட்டானிக் படத்துக் கவுன்தான் வேண்டும் என்றாள் மச்சாள். சரி, தைத்துத் தருகிறேன் என்றேன். கதை நடப்பது 1912இல். அந்தக் காலத்துப் பாவாடை ஒடுங்கி நேராக விழும், இடுப்பு மார்புக்குச் சற்றுக் கீழே ஏறி நிற்கும். இவளுக்கோ கம்பி வளையம் வைத்துக் குடை மாதிரி விரிய வேண்டுமாம்! அது 1850, 60களின் மோகம். காத்தான்குடித் துணிக்கடை நானாவும், "கேன்கேன் கூட எடுங்க தங்கச்சி" என்று, பாவாடையை விரித்து நிறுத்தும் விறைப்பான உள்பாவாடையைக் காட்டி அவள் பக்கம்.

ஃபேனைப் போட்டால் நெட் பறக்கிறது. நிறுத்தினால் மட்டக்களப்பு வெக்கையில் வியர்வை சொட்டி சாட்டினில் திட்டுத் திட்டாகக் கறை. மணியில் தட்டி மெஷின் ஊசி வேறு முறிகிறது. வரிசையாகக் கொக்கி தைத்துக்கொண்டிருக்க, மாமி வந்து, "பின்னுக்கு ஒரு சிப் வச்சா முடிஞ்சுதுதானே பிள்ள?" என்கிறார். மாமி, கவுனுக்குச் சிப் வந்ததே 1930களில்தான்!