பளிங்குக்கு மாற்று மட்டும்தானா?

பதினைந்தாம் நூற்றாண்டு இத்தாலியச் சிற்பி லூக்கா டெல்லா ராபியாவின் சுடுமண் மாதா சிற்பங்களைப் 'பளிங்கு வாங்க முடியாதவர்களுக்கான மலிவுச் சரக்கு' என்று உங்கள் இதழில் வந்த கட்டுரை ஒரே வரியில் தள்ளிவிட்டது வருத்தமாக இருக்கிறது. விலை குறைவுதான், மறுக்கவில்லை. அச்சில் எடுத்து ஒன்றைப் பலவாகவும் செய்தார்கள். ஆனால் வெள்ளீயம் கலந்த பூச்சைப் பூசி மறுபடியும் சூளையில் சுட்டபோது கிடைத்த அந்தப் பால்வெள்ளை பளிங்கின் நகல் இல்லை. 1440-களில் பிளாரன்ஸ் பேராலயத்தின் உட்கதவுகளுக்கு மேலேயே அவருடைய பூச்சிட்ட சுடுமண் சிற்பங்களை வைத்தார்களே!

வீட்டில் இந்த மாதா சிற்பங்களுக்கு இடம் பெரும்பாலும் படுக்கையறைச் சுவர். மங்கிய அறையில், ஒரு மெழுகுவர்த்தியின் ஒளியில், நீலப் பின்னணியிலிருந்து தாயும் பிள்ளையும் முன்னால் வருவதை நினைத்துப் பாருங்கள். பிள்ளைகள் பார்த்து வளர வீட்டில் குழந்தை இயேசுவின் உருவங்களை வையுங்கள் என்று ஜொவான்னி தொமினீச்சி என்ற துறவி அந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுதியிருக்கிறார். பிளாரன்ஸின் பார்ஜெல்லோ அருங்காட்சியகத்தில் உள்ள லூக்காவின் 'ஆப்பிள் மாதா'வின் படத்தையாவது கட்டுரையில் சேர்த்திருக்கலாம். பழத்தைப் பிடித்திருக்கும் அந்தச் சின்னக் கை, அசல் குழந்தையின் கை. ஐந்து நூற்றாண்டுகள் தாண்டியும் நிறம் மங்கவில்லை.