வரலாற்று வகுப்பில் யார் அந்த ‘நாம்’?

“அவர்கள் படையெடுத்து வந்தார்கள், நம்மை அடிமைப்படுத்தினார்கள்.” வரலாற்று வகுப்புகளில் சர்வசாதாரணமாகக் காதில் விழும் வாக்கியம். சொல்பவர் மனதில் வெறுப்பு இருக்க வேண்டும் என்பதில்லை, பழக்கத்தில் வருவது. ஆனால் அந்த ‘நம்மை’யில் மூன்றாவது பெஞ்சில் இருக்கும் ஒரு பிள்ளைக்கு இடமில்லை. எத்தனையோ நூற்றாண்டுக்கு முன் செத்துப்போன ஒரு சுல்தான் செய்த காரியத்துக்கு அந்தப் பிள்ளை தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறது.

கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் ‘நாம்’, விலக்கினால் ‘நாங்கள்’. தமிழில் இதற்குத் தனித்தனிச் சொல்லே இருக்கிறது. நாமோ வாயில் ‘நாம்’ என்று சொல்லி, பொருளில் ‘நாங்கள்’ என்று பாடம் நடத்திக்கொண்டிருக்கிறோம்.

மதத்தின் பெயரை எடுத்துவிட்டு ஆட்களின் பெயரைச் சொல்லிப் பாருங்கள். 1576, ஹல்திகாட்டிப் போர். அக்பரின் படையை நடத்தி வந்தவர் ராஜபுத்திரரான மான்சிங். எதிரே மேவார் மன்னர் ராணா பிரதாப்புக்காகப் போரிட்டவர்களில் ஒருவர் ஹக்கீம் கான் சூர் என்ற ஆப்கானியர். இந்த இரண்டு பெயரையும் பலகையில் எழுதிவிட்டு, “அப்படியானால் இது எதற்கான சண்டை?” என்று மட்டும் கேட்டால் போதும். நாடு, கப்பம், கௌரவம் என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். ஐரோப்பாவிலும் இதே கதைதான். மதப்போர் என்று சொல்லப்படும் முப்பதாண்டுப் போரில், கத்தோலிக்க பிரான்ஸ் 1635இல் புராட்டஸ்டண்ட் ஸ்வீடனோடு சேர்ந்துகொண்டு கத்தோலிக்கரான ஹாப்ஸ்பர்க் அரச வம்சத்தை எதிர்த்தது.

நல்லிணக்கம் என்ற பெயரில் கசப்பானதை மறைப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. 1791இல் மராட்டியப் படையினர் சிருங்கேரி மடத்தைச் சூறையாடியபோது அதைச் சீரமைக்க உதவியவர் திப்பு சுல்தான். இதைச் சொல்லுங்கள். அதே திப்பு குடகிலும் மலபாரிலும் செய்த கொடுமைகளையும் சேர்த்தே சொல்லுங்கள். நாம் மறைத்தால், அந்தப் பாதியை மட்டும் ஒரு வாட்ஸ்அப் செய்தி மாணவனிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும். “டீச்சர் பொய் சொல்லிட்டாங்க” என்று ஒருமுறை தோன்றிவிட்டால், அதற்கு அப்புறம் நாம் சொல்லும் எதுவும் அவனிடம் எடுபடாது.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது இன்னொன்று. அரசவையில் இருந்துகொண்டு எழுதியவர்கள் பலர், தங்கள் மன்னர் இடித்ததையும் வென்றதையும் கூட்டித்தான் எழுதினார்கள். எதிரியின் தலைகளை எண்ணிப் பெருமைப்படுவது எல்லா மத மன்னர்களின் மெய்க்கீர்த்திகளிலும் புகழ்ப்பாக்களிலும் உண்டு. “இதை எழுதியவர் யார், அவருக்குப் படியளந்தவர் யார்?” என்று கேட்க பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குத் தாராளமாக முடியும். தேர்வில் ஆண்டையும் உடன்படிக்கையையும் கேட்கும் இடத்தில் இந்த ஒரு கேள்விக்கு ஐந்து மதிப்பெண் ஒதுக்குங்கள். இன்று வாட்ஸ்அப்பில் வருகிற செய்தியிடமும் அந்தப் பிள்ளை அதே கேள்வியைத்தான் கேட்கும்.