மாவிலாற்று வெள்ளத்துக்கு யார் பொறுப்பு?

2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயல் இலங்கையில் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் காவுகொண்டது. மலையகத்தில் மண்சரிவு ஊர்களை மூடியது. இங்கே திருகோணமலை மாவட்டத்தில் மாவிலாற்று அணைக்கட்டு உடைந்து வெள்ளம் மூதூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்குள் புகுந்தது. (2006இல், போர்க்காலத்தில், அணைக்கதவு மூடப்பட்டபோது உலகச் செய்திகளில் அடிபட்ட அதே மாவிலாறுதான்.) அதன் பிறகு நடந்த பேச்சுகளில் எல்லாம் "இயற்கையின் சீற்றம்" என்ற சொல்லே திரும்பத் திரும்ப வந்தது. சீற்றம் என்று சொல்லிவிட்டால் யாரும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

புயல் எமக்குப் புதிதல்ல. 1964, 1978, 2000 ஆகிய ஆண்டுகளில் கிழக்குக் கரையைத் தாக்கிய புயல்களை எங்கள் மூத்தவர்கள் இன்னும் மறக்கவில்லை. ஆனால், காற்றின் வெப்பநிலை ஒரு பாகை செல்சியஸ் உயர்ந்தால் அது ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும் என்பது பௌதிகவியல். சூடேறிய வங்கக் கடலின் மேல் உருவாகும் புயல் முன்னையதைவிடக் கூடுதலான மழையைச் சுமந்து வருவதற்கு அதுவே காரணம். அந்தச் சூட்டை ஏற்றியவர்கள் யார்? இலங்கையர் ஒருவர் ஆண்டொன்றுக்குச் சராசரியாக ஏறக்குறைய ஒரு தொன் காபனீரொட்சைட்டுக்குக் காரணமாகிறார். ஐக்கிய அமெரிக்காவில் அது 14 தொன் அளவில் இருக்கிறது. தொழிற்புரட்சிக் காலம் முதல் உலகம் வெளியேற்றிய காபனீரொட்சைட்டில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு அந்த ஒரு நாட்டுக்குரியது. வெருகலில் மீன்பிடித்துப் பிழைக்கும் ஒருவரின் பங்கு அந்தக் கணக்கில் தெரியவே தெரியாது.

ஆகவே, பணக்கார நாடுகள் எமக்குத் தருவது பிச்சையல்ல, கொடுக்க வேண்டிய கடன் என்று நான் சொல்வதைச் சிலர் அரசியல் மிகை என்கிறார்கள். 2025 யூலை 23 அன்று சர்வதேச நீதிமன்றம் வழங்கிய ஆலோசனைக் கருத்தை அவர்கள் படித்துப் பார்க்க வேண்டும். காலநிலையைக் காக்கும் கடமையில் தவறும் அரசு சர்வதேச சட்டத்தை மீறியதாகக் கருதப்படலாம், பாதிக்கப்பட்டோருக்கு முழுமையான பரிகாரம் செய்யும் பொறுப்பும் அதற்கு வரலாம், தூய்மையான ஆரோக்கியமான சூழல் இல்லாமல் மற்றைய மனித உரிமைகளை அனுபவிக்க இயலாது என்பதே அக்கருத்தின் சாரம். பசிபிக் தீவுகளைச் சேர்ந்த சட்ட மாணவர்கள் 2019இல் தொடங்கிய முயற்சியை வனுவாட்டு என்ற சின்னஞ்சிறு நாடு உலக மன்றம் வரை கொண்டு சென்றது. அக்கருத்து எந்த நாட்டையும் கட்டுப்படுத்தாது என்பது உண்மை. எனினும் இனிமேல் கேட்கப்படுவது இரக்கம் அல்ல.

பணத்தின் கதை வேறு. வளர்முக நாடுகளுக்கு 2020 முதல் ஆண்டுதோறும் 10,000 கோடி டொலர் திரட்டித் தருவதாக 2009இல் கோப்பன்ஹேகன் காலநிலை மாநாட்டில் பணக்கார நாடுகள் கொடுத்த வாக்கு 2022இல்தான் நிறைவேறியது. அதிலும் அரச நிதியின் பெரும்பகுதி கடன். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாது என்று அறிவித்த எமது நாட்டுக்கு, அடுத்தவன் மூட்டிய நெருப்பை அணைக்கவும் வட்டிக்குத்தான் தண்ணீர் வாங்க வேண்டியிருக்கிறது.

இவ்வளவும் வெளியே கேட்க வேண்டிய நியாயம். அதே அளவுகோலை உள்ளே வைத்தால் எங்கள் குரல் தாழ்ந்துவிடுகிறது என்பதே என் ஆதங்கம். ஈச்சிலம்பற்றுப் பக்கத்தில் குத்தகைக்கு வேளாண்மை செய்யும் ஒருவர், பயிரழிவுப் படிவத்தில் காணி அனுமதிப்பத்திர இலக்கம் கேட்கும் கட்டத்தை வெறுமையாக விட்டு, ஓரத்தில் பென்சிலால் காணிக்காரரின் பெயரை எழுதி வைத்திருந்ததைப் பார்த்தேன். விதைநெல், பசளை, உழவு இயந்திரக் கூலி எல்லாம் அவர் நகை அடகு வைத்துப் போட்டவை. இழப்பீடு வந்தால் அது போய்ச் சேருவது காணிக்காரரின் வங்கிக் கணக்குக்கு.

இதே மாவட்டத்துச் சம்பூர் மக்கள் 2006இல் போரினால் இடம்பெயர்ந்தார்கள். அவர்களது ஊர்ப் பகுதி நிலக்கரி மின்னாலைக்கென ஒதுக்கப்பட்டது. எதிர்ப்புகளுக்குப் பிறகு 2016இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. 2025 ஏப்ரலில் அங்கே சூரிய மின் திட்டம் தொடக்கி வைக்கப்பட்டது. இதே மாவட்டத்து முத்துநகரில் நீண்ட காலமாக நெல் விளைவித்தவர்களின் வயல்கள் சூரிய மின் திட்டங்களுக்காகக் கையளிக்கப்பட்டதை எதிர்த்து, அவர்கள் மாவட்டச் செயலகத்தின் முன் அமர்ந்து போராடினார்கள். நிலக்கரியை எதிர்த்து நின்ற மாவட்டம் இது. சூரிய மின்சாரம் வேண்டாம் என்று இங்கே எவரும் சொல்ல மாட்டார்கள், நானும் சொல்லவில்லை. ஆனால், உலகம் சூடாவதற்கு எதுவும் செய்யாதவனின் வயலைத் தீர்வின் பெயரால் எடுப்பது, வாஷிங்டன் எமக்குச் செய்வதை நாம் முத்துநகருக்குச் செய்வதாகும்.

எமது அரசியலமைப்பின் 27(14)ஆம் உறுப்புரை சூழலைப் பாதுகாப்பது அரசின் கடமை என்கிறது. 29ஆம் உறுப்புரையோ அக்கடமையை நீதிமன்றில் வலியுறுத்த முடியாது என்கிறது. இருந்தும் 2000ஆம் ஆண்டு எப்பாவல பொஸ்பேற் வழக்கில், அகழ்வுத் திட்டத்தால் காணி பறிபோகவிருந்த விவசாயிகளுக்குச் சமத்துவ உரிமையின் வழியாக உயர் நீதிமன்றம் நிவாரணம் அளித்தது. அந்த வழி இன்னும் திறந்தே இருக்கிறது. அதற்கு முன், மாவட்டத்தின் அரச அலுவலகங்களினதும் களஞ்சியங்களினதும் கூரைகள் வெறுமையாகக் கிடக்கையில் சோலார் தகடு நெல் வயலில்தான் பதிக்கப்பட வேண்டுமா, மாற்றுக் காணி எங்கே, எந்தக் குளத்தின் கீழ், எந்தப் போகத்துக்கு முன் என்ற கேள்விகளுக்கு உரியவர்கள் எழுத்தில் பதில் தரட்டும்.