சிவப்பு மை

பெஞ்சுகளைக் கலந்து போட்டுவிட்டால் வகுப்பறையும் கலந்துவிடும் என்று நம்பியவர்களில் நானும் ஒருவன். வருகைப் பதிவேட்டில் சாதி இருக்கக் கூடாது, மாணவர்களை அகர வரிசையில் உட்கார வைக்க வேண்டும் என்று பள்ளிகளில் சாதி மோதல்களைத் தடுக்கத் தமிழக அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024இல் பரிந்துரைத்தபோது மனதார வரவேற்றேன், இன்றும் வரவேற்கிறேன். ஆனால் மாணவன் எங்கே உட்கார வேண்டும் என்று ஆணை போடலாம், ஆசிரியரின் கண் எங்கே போக வேண்டும் என்று போட முடியாது.

அமெரிக்காவில் கறுப்பின, வெள்ளையினக் குழந்தைகளைப் பிரித்து வைக்கும் பள்ளிகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று உச்ச நீதிமன்றம் 1954இலேயே சொல்லிவிட்டது. 2016இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மழலையர் பள்ளி ஆசிரியர்களுக்குக் காணொளிகளைக் காட்டி, எந்தக் குழந்தை சேட்டை தொடங்கப்போகிறது என்று கவனிக்கச் சொன்னார்கள். உண்மையில் அவற்றில் ஒரு குழந்தையும் சேட்டை செய்யவில்லை. ஆனாலும் ஆசிரியர்களின் பார்வை கறுப்பினச் சிறுவனிடமே அதிக நேரம் தங்கியதைக் கண்ணசைவைப் பதியும் கருவி காட்டிக்கொடுத்தது. கறுப்பின ஆசிரியர்களும் இதற்கு விலக்கல்ல என்பதுதான் என்னை உறுத்துகிறது.

இது சந்தேகத்தின் பார்வை. என்னுடையது இரக்கத்தின் பார்வை. அதனாலேயே எனக்கு அது குற்றமாகத் தெரியவில்லை.

தானே புயல் கடலூரைச் சூறையாடிய சில வாரங்களில், 2012 தொடக்கத்தில், எட்டாம் வகுப்புக்குப் புயலைப் பற்றியே கட்டுரை கொடுத்தேன். இருளர் குடியிருப்பிலிருந்து வந்த மாணவன் ‘கூரை பரந்தது’ என்று எழுதியிருந்தான். இடையின ரகரம். ஒன்றரைப் பக்கத்தில் அப்படி ஏழெட்டுப் பிழைகள். கூரையிழந்த பிள்ளை பள்ளிக்கு வருவதே பெரிது என்று எண்ணி, எதையும் தொடாமல், அடியில் ‘நன்று’ என்று எழுதிக் கையொப்பமிட்டேன். பக்கத்தில் இருந்த மளிகைக் கடைக்காரர் மகனுக்கும் ர, ற தடுமாற்றம்தான். அவன் நோட்டில் ‘மறம் சாய்ந்தது’ என்பதைச் சுழித்து, மூன்று முறை எழுதி வரச் சொல்லியிருந்தேன். இரண்டு நோட்டுகளையும் சேர்த்து வைத்துப் பார்த்த இருளர் மாணவன் என் மேசைக்கு வந்து, “ஐயா, என்னுத நீங்க படிக்கலையா?” என்று கேட்டான். (எங்கள் பள்ளியில் தமிழாசிரியர் மட்டும்தான் ‘ஐயா’, மற்றவர்களெல்லாம் ‘சார்’.)

படித்திருந்தேன். திருத்திக் கொடுத்தாலும் இவன் திருந்தி எழுதப் போவதில்லை என்று, என்னையும் அறியாமல், முடிவு கட்டியிருந்தேன்.

வகுப்பைப் பார்வையிட வரும் அதிகாரிகள், யாரிடம் கேள்வி கேட்கப்பட்டது, யாருடைய நோட்டு திருத்தப்படாமல் விடப்பட்டது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும் என்பது என் கோரிக்கை. இப்போது எல்லா நோட்டிலும் கையொப்பம் இருக்கிறதா என்றுதான் புரட்டுகிறார்கள். என்னுடைய அந்த ‘நன்று’ அதில் தேறிவிட்டது.