உலக்கை நின்ற வியாழக்கிழமை

நான்கு நாளாக வாயை மூடிக்கொண்டு இருந்தேன். "விடுங்க டீச்சர், பதில் போடாதீங்க" என்று இன்பாக்ஸில் வந்து சொன்னவர்களுக்காகத்தான் இருந்தேன். நேற்று ராத்திரி அந்த ஸ்க்ரீன்ஷாட் என் மகளின் டியூஷன் குரூப் வரைக்கும் போய்விட்டது. இனி மூடி வைத்து என்ன ஆகப்போகிறது?

நான் போட்ட உலக்கை வீடியோவைப் பற்றித்தான். பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பார்க்காதவர்கள் பாக்கியசாலிகள், அப்படியே இருங்கள்.

அதில் நான் சொன்னது ஒரே ஒரு விஷயம். கிரகண நேரத்தில் மட்டும்தான் உலக்கை தானாக நிற்கும் என்று சொல்லி, 2025 செப்டம்பர் 7 சந்திர கிரகணத்து ராத்திரியில் தாம்பாளத்தில் உலக்கை நின்றது என்று ஆளாளுக்கு அனுப்பினீர்கள். 11ஆம் தேதி கிரகணமும் இல்லை, ஒன்றும் இல்லை. வெறும் வியாழக்கிழமை. சாயங்காலம் ஐந்தரை மணிக்கு எங்கள் வீட்டு முற்றத்தில் அதே மாதிரி தாம்பாளம், அதே மாதிரி தண்ணீர், உலக்கை நின்றது. அவ்வளவுதான். கடவுள் இல்லை என்று சொல்லவில்லை. கிரகணத்தன்று சாப்பிடு என்று யாரையும் வற்புறுத்தவில்லை. எந்தக் கட்சிக்கும் ஓட்டுக் கேட்கவில்லை. உலக்கை வியாழக்கிழமையும் நிற்கும், அவ்வளவுதான் சேதி.

முதல் கமெண்ட்: "யாரும்மா நீ?"

இரண்டாவது: "எந்த ஊரு, என்ன ஆளுங்க?"

மூன்றாவது ஆள் என் ப்ரொஃபைலில் 2016 வரைக்கும் தோண்டிப் பார்த்துவிட்டு வந்து, நான் ஏதோ ஒரு கிறிஸ்துமஸுக்கு வாழ்த்துச் சொன்னதைக் கண்டுபிடித்து, "இப்ப புரியுதா மக்களே" என்று போட்டார். மக்களுக்குப் புரிந்துவிட்டது. 212 லைக்.

ஐயா, நான் யாராக வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகிறேன். உலக்கை நின்றதா, இல்லையா? நான் சொன்னது சரியா, தப்பா? ஒரு சரியோ தப்போ போட்டிருந்தால் போதும். இருபத்திரண்டு வருடமாக பிளஸ் டூ பிள்ளைகளின் விடைத்தாளைத் திருத்துகிறேன். ஒரு நாளும் பெயரைப் பார்த்துவிட்டு மதிப்பெண் போட்டதில்லை.

இதில் ஒருவரை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். அவருடைய முகப்புப் படத்தில் வள்ளுவர் உட்கார்ந்திருக்கிறார். கீழே "எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்" என்கிற குறள், பெரிய எழுத்தில். அந்தப் படத்துக்குச் சொந்தக்காரர்தான் "நீ யாருன்னு முதல்ல சொல்லு, அப்புறம் பேசுவோம்" என்று ஆறு முறை கேட்டவர். ஆறு முறையும் எண்ணினேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உலக்கையின் அடியில் இரும்புப் பூண் போட்டிருப்பார்கள். எங்கள் வீட்டு உலக்கையின் பூண் நெல்லும் மாவும் இடித்து இடித்துத் தேய்ந்து நல்ல தட்டையாகிவிட்டது. குறுக்கே இரண்டு அங்குலம். உலக்கை ஐந்தடி. கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட இரண்டு டிகிரி சாயலாம். அதைத் தாண்டினால் எடை விழுகிற கோடு பூணுக்கு வெளியே போய்விடும், உலக்கை கீழே. அந்த இரண்டு டிகிரிக்குள் கொண்டுவந்து கையை எடுப்பதற்குப் பொறுமை வேண்டும். கிரகணத்தன்று எல்லோருக்கும் அந்தப் பொறுமை இருக்கிறது, ஏனென்றால் அடுப்பு எரியவில்லை, வேறு வேலையும் இல்லை. மற்ற நாளில் உலக்கையை நிறுத்திப் பார்க்க யாருக்கு நேரம்? எங்களுக்கு மூன்றாவது தடவைதான் நின்றது. முதல் இரண்டு தடவை விழுந்ததையும் வீடியோவில் வெட்டாமல் விட்டிருக்கிறேன்.

"சூரியன், சந்திரன், பூமி ஒரே கோட்டில் வந்தால் ஈர்ப்பு விசை மாறும், இதுகூடத் தெரியாதா மேடம்" என்று ஒருவர் வந்தார். மெக்கானிக்கல் இன்ஜினியராம். எனக்கு உண்மையாகவே சந்தோஷம். முதல் முறையாக ஒருவர் என்னைப் பற்றிக் கேட்காமல் உலக்கையைப் பற்றிப் பேசுகிறாரே என்று உட்கார்ந்து விரிவாக எழுதினேன். சார், மாதாமாதம் அமாவாசைக்குச் சூரியனும் நிலவும் ஒரே பக்கம்தான் இருக்கின்றன. பௌர்ணமிக்கு எதிரெதிர்ப் பக்கம். ஈர்ப்பு விசைக்கு நிழல் விழுந்தால் என்ன, விழாவிட்டால் என்ன? விசைதான் உலக்கையை நிறுத்துகிறது என்றால் ஒவ்வொரு அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஊரில் உள்ள உலக்கை எல்லாம் எழுந்து நிற்க வேண்டுமே. இரண்டும் சேர்ந்து இழுத்தாலும் ஒரு பொருளின் எடையில் கோடியில் ஒன்றிரண்டு பங்குதான் மாறும், ஓர் உலக்கைக்கு அது ஒரு கல்லுப்பின் எடைகூட வராது என்று கணக்கோடு போட்டேன். அரை மணி நேரம் ஆனது. சாம்பார் அடிப்பிடித்தது.

அவர் பதில்: "மேடம் நீங்க கன்வெர்ட்டா?"

இவர்களை மட்டும் சொன்னால் இன்னொரு கூட்டம் கை தட்டும், தெரியும். தட்டாதீர்கள். உங்கள் முறை இப்போது. என் ப்ரொஃபைல் படம் திருச்செந்தூரில் எடுத்தது. நெற்றியில் விபூதி இருக்கும். மறுநாள் பகுத்தறிவாளர்கள் வந்து சேர்ந்தார்கள். "பட்டை போட்டுக்கிட்டு அறிவியல் பேசுறது செம காமெடி" என்று ஒருவர். "இது சாஃப்ட் சங்கி, நம்பாதீங்க தோழர்" என்று இன்னொருவர். அதே நேரத்தில் மேலே இருந்த கூட்டம் என்னை "200 ரூபாய்", அதாவது காசு வாங்கிக்கொண்டு ஒரு கட்சிக்காகப் பதிவு போடுகிறவள் என்று திட்டிக்கொண்டிருந்தது. ஒரே பதிவுக்கு ஒரே மணி நேரத்தில் நான் சங்கியாகவும் 200 ரூபாய்க்காரியாகவும் இருந்தேன். இவர்கள் இரண்டு பேரும் ஒருவரோடொருவர் பேசியாவது ஒரு முடிவுக்கு வந்திருக்கலாம்.

விபூதி பூசினால் உலக்கை விழுந்துவிடுமா? நான் சொன்னது சரியா, தப்பா? உங்களிடமும் அதே கேள்விதான்.

"நம் முன்னோர்கள் என்ன முட்டாள்களா?" என்று கேட்டவர்களுக்கு: இல்லை. அதைத்தான் அன்றைக்குச் சொல்ல வந்தேன். மெட்ராஸ் வானாய்வு நிலையத்தை ஒரு காலத்தில் பொறுப்பேற்றுப் பார்த்துக்கொண்ட ஜான் வாரன் என்பவர், புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக் கணிதரைப் பார்த்ததைப் பதிவு செய்திருக்கிறார். அந்தக் கணிதர் காகிதம் எடுக்கவில்லை. வாய்ப்பாடுகளை எல்லாம் சொற்களாக மாற்றி மனப்பாடம் செய்து வைத்திருந்தார். தரையில் சோழிகளை அடுக்கியே 1825 மே 31 ராத்திரிச் சந்திர கிரகணத்தைக் கணித்துச் சொன்னார். தொடங்கும் நேரத்தில் 4 நிமிடம்தான் பிசகு. நடுவில் 23 நிமிடம். முடியும் நேரத்தில் 52 நிமிடம். தரையில் சோழியை வைத்துக்கொண்டு இதைச் செய்திருக்கிறார் என்று நினைத்தாலே எனக்குப் புல்லரிக்கும். வகுப்பில் வருடா வருடம் சொல்வேன்.

இதைக் கமெண்டில் எழுதினேன். என்ன நடந்தது தெரியுமா? ஒரு குரூப்பில் என் கமெண்டின் "4 நிமிடம்" வரைக்கும் வெட்டி, "நாசாவுக்கு முன்பே நாம்" என்று போட்டிருக்கிறார்கள். இன்னொரு குரூப்பில் "52 நிமிடம்" மட்டும் வெட்டி, "இதுதான் இவர்கள் பஞ்சாங்க லட்சணம்" என்று போட்டிருக்கிறார்கள். இரண்டிலும் கீழே என் பெயர். இரண்டிலும் எனக்குத் திட்டு.

"மற்ற மதத்தை இப்படிக் கேட்பியா?" உலக்கை எந்த மதம் என்று சொல்லுங்கள், பிறகு பதில் சொல்கிறேன்.

"முன்பின் தெரியாதவர்களோடு எதற்கு வாதம், ப்ளாக் பண்ணிவிட்டுப் போக வேண்டியதுதானே?" இதைச் சொல்பவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறீர்கள். எனக்கும் தெரியும். ஆனால் முன்பின் தெரியாதவர்கள்தான் ஜூன் மாதம் வந்து என் வகுப்பில் உட்காருகிறார்கள். எனக்கு அந்தப் பழக்கம் விடவில்லை. அதோடு, 2020இல் "ஜூன் 21 கிரகணத்தோடு கொரோனா போய்விடும்" என்று வந்த ஃபார்வர்டுக்கு நான் பதில் சொல்லாமல் கடந்து போனேன். குடும்ப குரூப், பெரியவர்கள் இருக்கிறார்கள், எதற்கு வம்பு என்று. கிரகணம் போனது, கொரோனா போகவில்லை. எங்கள் சித்தப்பாவும் அதற்குப் பிறகு மாஸ்க் போடவில்லை. அதை இங்கே இதற்கு மேல் எழுத முடியாது.

இப்போது அந்த ஸ்க்ரீன்ஷாட். "2010இல் கிரகணத்துக்குப் பயந்து இருட்டு அறையில் ஒளிந்துகொண்டவள் இன்றைக்கு நமக்குப் பாடம் எடுக்கிறாள்" என்று சுற்றிக்கொண்டிருக்கிறதே, அது. அதை யாரும் கண்டுபிடிக்கவில்லை. நானே ஒரு கமெண்டில் சொன்னதுதான். என் வாயால் வந்த வினை.

ஆமாம், இருந்தேன். 2010 ஜனவரி 15, மாட்டுப் பொங்கல். தூத்துக்குடியில் மாமியார் வீடு. எனக்கு ஏழாம் மாதம். பதினோரு மணிக்கு மேல் ஆரம்பித்து மூன்று மணி தாண்டியும் போன சூரிய கிரகணம். இந்த ஆயிரம் ஆண்டுகளிலேயே மிக நீளமான வளைய கிரகணம் அது. இந்தியப் பெருங்கடலில் ஓரிடத்தில் 11 நிமிடம் 8 நொடி வளையம் நின்றது. அதன் பாதை எங்கள் ஓட்டுக்கு மேலேயே போனது. பிசிக்ஸ் டீச்சர் நான் உள்ளே, ஜன்னல் இடுக்கில் எல்லாம் பழைய சேலையைச் சுருட்டி அடைத்த அறையில், தண்ணீர்கூட இல்லாமல் நாலு மணி நேரம். மதியம் ஒன்றேகாலுக்கு வெளியே காக்கைச் சத்தம் குறைந்ததைக் காதால் மட்டும் கேட்டேன். கோபத்தில் அழுதேன்.

ஏன் எதிர்த்துப் பேசவில்லை என்று கேட்கிறீர்கள். கீபோர்டுக்குப் பின்னால் இருந்துகொண்டு கேட்பது எளிது. கல்யாணமாகி ஒன்றரை வருடம், முதல் பிள்ளை, ஊரே பொங்கலுக்கு வீட்டில் கூடியிருக்கிறது. நீங்கள் ஒருவரும் அந்த அறையில் இருந்ததில்லை.

இதைச் சொன்னதும்தான் என்னுடைய ஆட்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தவர்கள் ஆரம்பித்தார்கள். "அந்த முட்டாள் கிழவியை உள்ளே தள்ளியிருக்கணும்." "கொடுமைக்காரி." ஒருவர் ஒரு சிரிப்புப் படம் செய்து போட்டார். அதற்கு லைக் போட்டவர்களில் என்னோடு பதினோரு வருடம் ஒரே ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து டிஃபன் பாக்ஸைப் பகிர்ந்து சாப்பிட்ட ஒருவரும் இருக்கிறார். பெயர் சொல்ல மாட்டேன். படித்துக்கொண்டிருப்பீர்கள் என்று தெரியும். எங்கள் அத்தை, அதாவது நீங்கள் கிழவி என்று சிரித்த அதே மாமியார், கொடுத்துவிட்ட கருப்பட்டி மிட்டாயைச் சாப்பிட்டவர் நீங்கள்.

சங்கி, 200 ரூபாய் எல்லாம் எனக்குத் துடைத்துப் போட்டுவிடலாம். இது முடியவில்லை.

நான் அன்றைக்குக் கமெண்டில் சொல்லாமல் விட்டது இதுதான். அந்த நாலு மணி நேரமும் கதவுக்கு வெளியே அத்தை தரையில் உட்கார்ந்திருந்தார்கள். எனக்குக் கொடுக்காத தண்ணீரை அவர்களும் குடிக்கவில்லை. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள். "ஏம்மா, இருக்கியா" என்று அரை மணிக்கு ஒருதரம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அது சரி என்று நான் சொல்ல வரவில்லை. கர்ப்பிணிக்கு நாலு மணி நேரம் தண்ணீர் கொடுக்காமல் இருப்பது தப்பு, தப்பு, தப்பு. ஆனால் கொடுமைக்காரி என்று எழுதினீர்களே, அந்த வார்த்தைக்கு அந்தக் கதவுக்கு வெளியே இடமில்லை.

2019 டிசம்பர் 26. என் அம்மா வீடு திண்டுக்கல்லில் இருக்கிறது, வளையம் அங்கே தெரியும், அரைப்பரீட்சை லீவு வேறு. ஒன்பது வயது மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். அத்தை போனில் கத்தினார்கள். காலை ஒன்பதரைக்கு மொட்டை மாடியில் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தோம். மகள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கீழே கையைக் காட்டினாள். வேப்பமரத்து நிழல் விழுந்த இடமெல்லாம் குட்டிக் குட்டி வெளிச்ச வளையங்கள், கொட்டி வைத்த வளையல் மாதிரி. போட்டோ எடுத்து அத்தைக்கு அனுப்பினேன். பதில் இல்லை. ராத்திரி போனில் மகளிடம் மட்டும் "அந்த வளவி மாதிரி இருந்துச்சே, அது என்னட்டி" என்று கேட்டார்களாம்.

இந்த செப்டம்பரில் அந்த உலக்கை ஃபார்வர்டு அத்தைக்கும் வந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை, சத்தியமாக. இரண்டு நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வியாழக்கிழமை சாயங்காலம் அவர்கள்தான் சொன்னார்கள்: "இன்னைக்கு கெரகணம் இல்லைல்லா? உலக்கைய எடு, பாத்துருவோம்."

வீடியோவில் உலக்கையைப் பிடித்து நிறுத்துகிறதே ஒரு கை, பச்சை குத்திய கை, அது என் கை இல்லை. "கூலிக்குப் பிடிச்ச கிழவி, 500 ரூபா குடுத்திருப்பா" என்று ஒருவர் எழுதியிருந்தார். கொடுமைக்காரி என்று நீங்கள் எழுதியதும், கூலிக்குப் பிடித்தது என்று அவர் எழுதியதும் ஒரே ஆளைத்தான். இரண்டு அணியும் முதல் முறையாக ஒன்று சேர்ந்திருக்கிறீர்கள், வாழ்த்துகள்.

வீடியோ நிறையப் பேர் பார்த்துவிட்டார்கள் என்று பேத்தி சொன்னதிலிருந்து, "என்ன எழுதியிருக்காங்க, வாசி" என்று தினமும் கேட்கிறார்கள். நல்லதாக ஒரு பத்துப் பதினைந்து இருந்தது. அதையே திருப்பித் திருப்பி வாசித்துக் காட்டுகிறேன். நேற்றும் வாசித்தேன். கேட்டுவிட்டு போனை வாங்கி வீடியோவை இன்னொரு தடவை ஓடவிட்டுப் பார்த்தார்கள். அப்புறம் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "பின்னால வாரியக்கட்டை கெடக்கு பாரு. எடுக்கச் சொல்லி இருக்கப்படாதா? ஊரே பாத்திருக்கும்" என்றார்கள்.