ஃப்ரீவீலைக் கழற்றினால் மட்டும் போதாது
பழைய சைக்கிளில், மிதிக்காதபோதும் பின்சக்கரத்தைச் சுழலவிடும் ஃப்ரீவீலைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் பல்சக்கரம் ஒன்றை முறுக்கினால் சக்கரத்தோடு பெடலும் எப்போதும் சேர்ந்தே சுழலும் ஃபிக்ஸட் கியர் வண்டி தயாராகிவிடும் என்று ஒரு கட்டுரையில் கூறியிருப்பது பாதி உண்மைதான். பெடலைப் பின்னுக்கு அழுத்தி வேகத்தைக் குறைக்கும்போது பல்சக்கரம் மரையிலிருந்து கழலவே பார்க்கும். அதைத் தடுக்கும் லாக் ரிங் என்ற பூட்டு வளையத்துக்கென்று, எதிர்த்திசையில் இறுகும் இடமரை வெட்டிய டிராக் ஹப் (பந்தயத் தடச் சைக்கிளின் சக்கர நடுப்பகுதி) வேறு, நம் வீட்டு வண்டியின் சாதாரண ஹப் வேறு. பெங்களூரு அல்சூரில், அப்பாவின் கறுப்பு சைக்கிளை நான் இப்படித்தான் மாற்றினேன். பசை தடவி இறுக்கியிருந்தும், மூன்றாம் நாள் ஓர் இறக்கத்தில் காலுக்கடியில் இருந்த பிடிப்பு சட்டென்று போய்விட, முன்பிரேக்கைக் கழற்றாமல் விட்டிருந்ததால் தப்பித்தேன். (பிரேக் இல்லாததுதான் அழகு என்பவர்கள் சமதரையில் மட்டும் ஓட்டுகிறார்கள் போலும்.) வண்டியைக் கவிழ்த்துப் பார்த்தபோது பல்சக்கரம் இரண்டு சுற்று கழன்றிருந்தது. இந்த மாற்றத்துக்கு எந்தச் சட்டகம் பொருந்தும் என்று கேட்டிருந்த நண்பர், பின்சக்கர அச்சு உட்காரும் காடியை முதலில் பார்க்க வேண்டும்: அந்தக் காலத்து கறுப்பு சைக்கிள்களில் அது பின்னோக்கித் திறந்திருப்பதால் அச்சை நகர்த்திச் செயினை இறுக்கலாம், ஆனால் நேர் கீழாகத் திறந்த காடியுள்ள பிற்கால கியர் சைக்கிள்களில் அதற்கு இடமே இல்லை.