விறைப்பான பைண்டிங் எல்லோருக்கும் சரிவராது

பனிச்சறுக்குக்காக காஷ்மீரின் குல்மார்க் கிளம்பும் நம்ம புதுச்சேரி பசங்களுக்கு ஒரு அண்ணன் சொல்லியிருப்பது: செரினிட்டி பீச்சில் சர்ஃபிங் பழகியவர்கள் இருப்பதிலேயே விறைப்பான ஸ்னோபோர்டு பைண்டிங் (பூட்ஸைப் பனிச்சறுக்குப் பலகையோடு பூட்டும் பிடி) வாங்கலாம், விழுந்தால் அது தானாகக் கழன்றுவிடும் என்று. இரண்டுமே தவறு.

தானாகக் கழல்வது, காலுக்கொரு பலகை கட்டும் ஸ்கீயின் பைண்டிங். ஸ்னோபோர்டில் இரண்டு பாதமும் பலகையோடு பூட்டியேதான் இருக்கும், எப்படி விழுந்தாலும். தயவுசெய்து தானாகக் கழலும் என்று நம்பிப் போகாதீர்கள்.

விறைப்பைப் பெரும்பாலும் 1 முதல் 10 வரை எண்ணால் குறிப்பார்கள் (ஒரு கம்பெனியின் 5 இன்னொன்றின் 5 அல்ல, அது தனித் தலைவலி). விறைப்பு கூடக்கூட காலசைவு உடனே பலகைக்குப் போகும். செங்குத்துச் சரிவில் வேகமாக இறங்குபவருக்கு அது வேண்டும். பழகுபவருக்கோ அதுவே எதிரி: கால் லேசாகத் தடுமாறினாலும் பலகையின் ஓரம் பனியில் குத்தி ஆளைக் கவிழ்த்துவிடும். பார்க்கில் (குதிக்க மேடுகள் அமைத்த பனித்தளம்) குதித்துச் சுழல்பவர்களும் மென்மையானதைத்தான் விரும்புவார்கள். எல்லாம் கலந்து ஓட்ட நடுத்தரம் போதும்.

சர்ஃபிங் பேலன்ஸ் உதவும், சரி. ஆனால் அலையில் பாதத்தை நகர்த்திச் சமாளிக்கலாம், இங்கே முடியாது.

அப்புறம், சொந்த பூட்ஸை மாட்டிப் பார்க்காமல் ஆன்லைனில் வாங்க வேண்டாம். குதிகால் பைண்டிங்குக்குள் ஆடினால் எந்த எண்ணும் பயன்படாது. முதல் தடவை போகிறவர்கள் அங்கேயே வாடகைக்கு எடுங்கள்.